கால் ரூபாயின் விளிம்பில் ஒரு புடைப்பு

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை.

கொடைக்கானல் நாணயம் சேகரிப்போர் மன்றம் என்னை நடுவர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டது. நீக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் உண்மைக்குப் புறம்பானது. அதுவே என் முறையீடு.

செயலாளர் கோகுல்ராஜ் இன்று காலை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதியிருக்கிறார்: "முதுமையின் காரணமாகப் பார்வை மங்கிய நிலையில், நம் தமிழய்யா அவர்கள், மறைந்த பஷீர் அகமது அவர்களின் நாணயத்தைத் தவறாகக் கணித்துவிட்டார். மன்றம் வருந்துகிறது." கோகுல்ராஜ் என்னிடம் தமிழ் பயின்றவர். ஒற்றுப்பிழைகளை நீக்கிவிட்டே மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

என் பார்வை மங்கவில்லை. தை மாதம் மதுரையில் கண்புரை நீக்கிக்கொண்ட பிறகு, நாணயத்துப் பூவேலையின் இதழ் நரம்புகள்கூட எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மன்றத்தைச் சாராதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சில அடிப்படைகளை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பழைய நாணயத்தைப் புளி போட்டு விளக்கக் கூடாது. விபூதி போட்டும் துலக்கக் கூடாது. நாணயம் எந்த நிலையில் கைக்கு வந்ததோ அந்த நிலையில் வைத்திருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. இதை நான் மன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்தியிருக்கிறேன்.

நாணயத்தில் இயல்புக்கு மாறான ஒன்று தென்பட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அது நாணயம் அடிக்கும் அக்கசாலையில் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா? அச்சின் விளிம்பில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால், அடிக்கும்போது வெள்ளி அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து, நாணயத்தில் ஒரு புடைப்பாக நிற்கும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் அது ஒரே இடத்தில் ஒரே வடிவில் நிற்கும். சேகரிப்போர் தேடுவது இத்தகையவற்றை. வெளியே வந்த பிறகு பட்ட அடியும் கீறலும் துளையும் அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி விபத்து. அவற்றைச் சேதம் என்கிறோம். சேதத்துக்கு மதிப்பில்லை.

இந்த வேறுபாடு தெரியாதவர்களே பெரும்பாலோர். சுற்றுலா வண்டிகள் வைத்திருக்கும் ராஜேஷ்குமார் ஒருமுறை, சக்கரத்தில் நசுங்கிய ஐந்து ரூபாயைக் கொண்டுவந்து, "ஐயா, இது லட்சக்கணக்குல போகும்னு யூடியூப்ல சொல்றாய்ங்க" என்றார். "சொன்னவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றேன். அன்று மன்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். என் சொல்லுக்கு அங்கே எதிர்ச்சொல் இருந்ததில்லை.

நம் மேல்மலை ஊர்களிலிருந்து என்னிடம் வந்த வெள்ளிக் காசுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை பெரும்பாலும் கழுத்து மாலையில் கோக்கப்பட்டிருந்தவை. முடிசூடிய விக்டோரியா அரசியின் தலை நேராகத் தொங்க வேண்டும் என்பதற்காக, முடிக்கு மேலே விளிம்பில் ஒரு வளையத்தைப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். பின்னாளில் வளையத்தை அறுத்தெடுத்தாலும் ஒட்டு ஒரு பருவைப் போல நின்றுவிடும். மார்பில் உரசி உரசிப் பின்புறத்துப் பூவேலையும் மழுங்கியிருக்கும். எத்தனையோ மாலைக்காசுகளைப் பார்த்துப் பார்த்து, முடிக்கு மேலே புடைப்பைக் கண்டவுடன் "ஒட்டு" என்று சொல்லிவிடும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தேன். தேர்ச்சி என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

பஷீர் அகமது மூஞ்சிக்கல் கடைவீதியில் தைலமும் சாக்லேட்டும் விற்றவர். கடை முகப்பில் ஒரு கண்ணாடித் தட்டில் பழைய காசுகளும் வைத்திருப்பார். மாலையிலிருந்து வந்த காசாக இருந்தால் "மாலைக்காசு" என்று எழுதி ஒட்டித்தான் விற்பார். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

கோடை விழாவை ஒட்டி மன்றம் நடத்திய கண்காட்சியில் அவர் ஒரு நாணயத்தை வைத்தார். விக்டோரியா தலை பொறித்த வெள்ளிக் கால் ரூபாய். முடிக்கு மேலே விளிம்பில், கொள்ளுப் பருப்பைப் போல ஒரு புடைப்பு. "அச்சு உடைவு" என்று எழுதிவைத்திருந்தார். காட்சியைச் சுற்றி நல்ல கூட்டம். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"இது பற்றாசு" என்றேன். "வளையம் இருந்த தழும்பு. காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள்."

"ஐயா, இது மாலக்காசு இல்லைங்க" என்றார் பஷீர். "பெருமாள்மலையில ஒரு தோட்டத்து வீட்டுல பிஸ்கட் டப்பாவுக்குள்ள கெடந்தது. நானே போயி எடுத்துட்டு வந்தேன்."

"டப்பாவுக்குள் வருமுன் அது எங்கே இருந்தது என்று தெரியுமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா காசு சொல்லும்ல. திருப்பிப் பாருங்க, நேர் பின்னால பூவேல விழுகவே இல்ல."

"கழுத்தில் உரசித் தேய்ந்திருக்கிறது."

"அப்ப ஒண்ணு செய்வோம்ங்கய்யா. தீயில காட்டிப் பாத்துருவோம். ஒட்டா இருந்தா உருகி ஓடிரும். ஓடுச்சுன்னா இனிமே இந்த ஊர்ல நான் காசையே தொடல."

"நாணயத்தை நெருப்பில் காட்டுவது அதைச் சேதப்படுத்துவதாகும். நான் நடுவராக இருக்கும்வரை இங்கே அதற்கு இடமில்லை" என்றேன். அவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். "இத்தனை காலம் வணிகம் செய்தவருக்கு ஒட்டு எது, உடைவு எது என்று தெரியாமல் இருக்க நியாயமில்லை" என்றும் சொன்னேன்.

ராஜேஷ்குமார் உடனே, "என்ன பாய், தைலத்துலயும் ஒட்டு உண்டா? என் வண்டி டயருக்கு ரெண்டு பாட்டில் குடுங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. நானும் புன்னகைத்தேன். பஷீர் நாணயத்தை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அன்று என் சட்டைப் பையில் லென்ஸ் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

அன்று முதல் கடைவீதியில் அவருக்கு "ஒட்டு பாய்" என்று பெயராயிற்று. சுற்றுலாப் பயணிகளை அழைத்துவரும் ஓட்டுநர்கள் அவர் கடையைத் தாண்டி நிறுத்தினார்கள். அவர் கண்ணாடித் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். பள்ளியில் அவருடைய பேரன் ஃபவாஸை "ஒட்டு" என்று அழைப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பதை எந்த ஆசிரியராலும் தடுக்க முடிந்ததில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது.

"வெள்ளனே வந்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்கய்யா. ஒரு தடவ லென்ஸ வச்சுப் பாத்துருங்க. பாத்துட்டு ஒட்டுன்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். பாக்காம சொல்லாதீங்க, அவ்வளவுதான்."

சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பார்ப்பது முறையன்று என்று விளக்கினேன். அவர் வாதிடவில்லை. "சரிங்கய்யா, உங்களுக்குச் சோலி கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை என்பது அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகே நினைவுக்கு வந்தது.

இதுவரை நடந்ததை மன்றம் தவறு என்று சொல்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. கையில் இருந்த அனுபவத்துக்கு அது பொருந்திய முடிவு. இனி வருவதை மன்றம் அறியாது.

ஆனி மாதத்தில் மன்னவனூரிலிருந்து ஆண்டிச்சாமியும் அவர் மனைவி வேலுத்தாயும் வந்தார்கள். பூண்டு விற்க வந்தவர்கள், யாரோ சொல்ல, என்னைத் தேடி வந்திருந்தார்கள். பூண்டு பறிக்கும்போது ஒரு காசு வேரோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். வேலுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். விக்டோரியா தலைக் கால் ரூபாய்.

"ஏதும் தேறுமாங்கய்யா? வெரசா சொல்லுங்க, மேல போற பஸ்ஸு கெளம்பிரும்" என்றார் ஆண்டிச்சாமி.

"ஏ, ஐயாவ அவசரப்படுத்தாத. உனக்கு எப்பப் பாத்தாலும் பஸ்ஸுதான்" என்றார் வேலுத்தாய்.

முடிக்கு மேலே கொள்ளுப் பருப்பைப் போல ஒரு புடைப்பு. இம்முறை லென்ஸை எடுத்தேன். மண்ணில் கிடந்து வெள்ளி ஏறக்குறையக் கருத்திருந்தது. அந்தக் கருமை முகத்தின் மீதும் புடைப்பின் மீதும் இடைவெளியின்றி ஒரே சீராகப் படிந்திருந்தது. ஒட்டின் கோடு இல்லை. திருப்பினேன். புடைப்புக்கு நேர் பின்னே பூவேலை இல்லை. தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். இந்த இடம் சொரசொரப்பாக இருந்தது. வெள்ளி முன்புறத்துப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால் பின்புறம் அச்சில் முழுமையாகப் பதியவில்லை. தேய்வதற்கு அங்கே பூவே இருந்ததில்லை.

பஷீரின் நாணயத்திலும் இதே இடத்தில் இதே வடிவம். இரண்டு தட்டார்கள் இரண்டு ஊர்களில் ஒரே கொள்ளுப் பருப்பை ஒட்டவைக்க முடியாது. இது ஒரே அச்சின் வேலை. நான் இதைப் புரிந்துகொள்ள நெடுநேரம் ஆகவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் எழுந்தது மகிழ்ச்சி என்று எழுத ஆசைப்படுகிறேன். ஐம்பது ஆண்டுகளாக நாணயம் பார்க்கும் ஒருவனுக்கு அது மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கூட்டத்தின் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது. இம்முறை அது என்னை நோக்கி எழுவதாகத் தோன்றியது.

"இதில் ஓர் ஒட்டு இருக்கிறது" என்றேன். "எடுத்துவிட்டால் காசு பார்க்க நன்றாக இருக்கும்."

"எடுத்துருங்கய்யா" என்றார் வேலுத்தாய். "கோளாறோட எதுக்கு வீட்டுல வச்சுக்கிட்டு?"

கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வாங்கிய சிறிய அரம் அலமாரியில் இருந்தது. அவர்கள் கண்முன்னே விளிம்பை ராவினேன். மேசைமேல் விரித்த செய்தித்தாளில் தூள் விழுந்தது. அரம் உள்ளே போகப் போக ஒரே வெள்ளி. பற்றாசாக இருந்தால் சேருமிடத்தில் நிறம் மாறும். மாறவே இல்லை. நான் செய்துகொண்டிருந்தது எது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஆயினும் முடிக்கும்வரை ராவினேன்.

"அம்புட்டு அழகா வந்துருச்சுங்கய்யா" என்று வேலுத்தாய் நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது ஒரு கொத்துப் பூண்டு கொடுத்துவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "உங்க சோலிய விட்டுட்டு எங்களுக்காகச் செஞ்சிருக்கீக, வாங்கிக்கங்க" என்றார். அந்தப் பூண்டை நான் சமைக்கவில்லை. எறியவும் முடியவில்லை. முளைவிட்டபின் கொல்லையில் புதைத்தேன்.

பஷீர் அகமது அந்த மாதத்தின் கடைசியில் இறந்தார். மாரடைப்பு. ஏற்கெனவே இதயத்துக்கு மருந்து உட்கொண்டவர் என்றார்கள். ஆகையால் அவருடைய மரணத்தை என் கணக்கில் எழுத வேண்டாம் என்று யாரேனும் வாதிட்டால், நான் மறுக்கவில்லை. நான் அடக்கத்துக்குப் போனேன். பின்வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்தவர்கள் வழிவிட்டு முன்னே வரச் சொன்னார்கள்.

ஆடியில், கணவனை இழந்தவர் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாள்கள் முடியுமுன்னரே, அவர் மனைவி ஆமினா அம்மாள் வந்தார். கைக்குட்டையில் முடிந்த அதே நாணயம்.

"அவுக கடைசி வரைக்கும் இது ஒட்டு இல்லைன்னுதான் சொன்னாக, ஐயா. ஊரே சொல்லட்டும், நான் அவுக சொன்னதத்தான் நம்புறேன். நீங்க ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லிட்டா, புள்ளைக்கு அந்தப் பேரு போயிரும். வச்சுப் பாருங்க. ஜும்ஆ கழிச்சு வாரேன்."

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

மறுநாள் நண்பகலில், முதலில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பஷீர் கேட்ட சோதனையைச் செய்தேன். சமையலறை அடுப்பில், இடுக்கியால் பிடித்து, சுடரில் காட்டினேன். உருக வேண்டியது எதுவும் உருகவில்லை. வெள்ளி கறுத்தது, புடைப்பு அப்படியே நின்றது. நெருப்பில் காட்டுவது சேதப்படுத்துவது என்று நான் அவரிடம் சொன்ன விதியை, அவர் இறந்த பிறகு, அவர் பக்கம் உண்மை என்று நான் மட்டும் தெரிந்துகொள்வதற்காக மீறினேன். அதன் பிறகு அரத்தை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆமினா அம்மாள் வந்தபோது நாணயத்தை ஒரு புதிய காகித உறையில் வைத்துக் கொடுத்தேன்.

"ஒட்டு இருந்தது, அம்மா. எடுத்துவிட்டேன்."

அவர் உறையைப் பிரித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

"அப்ப அவுக பொய்யாத்தான் சொன்னாகளா, ஐயா?"

"தெரியாமல் சொல்லியிருக்கலாம், அம்மா. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றேன்.

அதைப் பரிவுடன் சொன்னேன். அவர் தலையசைத்தார். "அல்லாஹ் அவுகளை மன்னிக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். இந்த ஊரில் பஷீர் அகமதை நம்பிய கடைசி ஆள் என் வீட்டுக்குள் வந்தார். நம்பாதவராக வெளியே போனார். நாணயத்தைச் சேதப்படுத்தியதைவிட இதையே நான் செய்த செயல் என்று எழுதுவது சரியாக இருக்கும்.

சென்ற வாரம் கோயம்புத்தூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் மன்றத்துக்கு ஒரு படம் அனுப்பினார். முடிக்கு மேலே அதே புடைப்பு. கோகுல்ராஜ் கண்காட்சியில் எடுத்த பஷீரின் நாணயப் படத்தை அதனருகே வைத்துப் பார்த்திருக்கிறார். அலைபேசியோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்குங்களே."

நான் அலைபேசியை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன்.

"அன்னைக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சோங்கய்யா? ஆபரேஷன் செஞ்ச புதுசுல அப்படித்தான் இருக்கும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான்."

அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். நான் அதை மூடவில்லை. அவர் தொடர்ந்தார்: "ஆமினாம்மாகிட்டப் போயிச் சொன்னேங்கய்யா. நம்ப மாட்டேங்கிறாங்க. 'வேணாம் தம்பி, என் மனசத் தேத்தறதுக்குச் சொல்றீக, ஐயா எடுத்தே காட்டிட்டாக'ங்கிறாங்க. என்னத்தங்கய்யா எடுத்தீங்க?"

"அழுக்கை" என்றேன்.

அவர் என்னை நம்பினார். இன்று அந்த அறிவிப்பையும் எழுதினார். அதில் உள்ள அன்பை நான் உணர்கிறேன். ஆயினும் கண் மங்கியவனாக இந்த ஊரில் இனி என்னால் நடமாட இயலாது. நான் பார்த்தேன். இரண்டு நாணயங்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அக்கசாலையிலிருந்து அப்படியே வந்தவை என்று தெரிந்து, இரண்டையும் ராவினேன். ஒரு பெண்ணை, அவருடைய இறந்த கணவர் பொய் சொன்னார் என்று ஏற்கவைத்தேன்.

இதைப் படிப்பவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம். அது உங்கள் வேலை அன்று. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆமினா அம்மாளிடம் போங்கள். முழுவதையும் படித்துக்காட்டுங்கள். அவர் நம்ப மறுத்தால், அந்த நாணயத்தை வாங்கிப் பின்புறம் திருப்புங்கள். முன்புறத்தை அழித்துவிட்டேன், பின்புறத்தில் பூவேலை விழாத அந்த இடத்தை என் அரம் தொடவில்லை. அவருடைய கட்டைவிரலை அங்கே வையுங்கள். சொரசொரப்பாக இருக்கும். அவர் கணவர் சொன்னது அதைத்தான். ஃபவாஸையும் அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

நானே போவதில் எனக்குத் தடையொன்றும் இல்லை. ஆனால் நான் போனால் அவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே கேட்பார். இந்த வயதில் அவருக்கு அது சிரமம். கடையை ஒட்டிய அவர் வீடு தொலைவிலும் இல்லை. என் வீட்டு வாசலில் நின்றால் பெயர்ப்பலகை தெரிகிறது. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.